புகையின் கதை – 7: பளிங்குத் துண்டு சொன்ன சாட்சி

போன வாரம் உங்களை உச்ச நீதிமன்ற வாசலில் நிறுத்திவிட்டுப் போனேன். தாஜ்மஹால் வட்டாரத்து ஆலைகள் 292. நிலக்கரியை விட்டு எரிவாயுவுக்கு மாறு. முடியாதென்றால் இடத்தைக் காலி செய். 1996 டிசம்பரில் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு சொன்னது அதுதான். வழக்குத் தொடுத்த எம்.சி. மேத்தா பன்னிரண்டு வருடம் அலைந்து வாங்கிய தீர்ப்பு.

இனி தாஜ் வெளுத்துவிடும் என்றுதானே நினைத்தீர்கள்?

வெளுக்கவில்லை.

தொல்லியல் துறை முல்தானி மிட்டியைக் குழைத்துப் பளிங்கின்மேல் பூசியது. காய்ந்ததும் கழுவியது. கல் பளிச்சிட்டது. சில வருடங்கள் போயின. மறுபடி மஞ்சள். மறுபடி பூச்சு. 1994இல் தொடங்கி 2014க்குள் நான்கு முறை இப்படி.

ஆலைகளைக் கட்டிப்போட்ட பிறகும் இந்தக் கறை எங்கிருந்து வருகிறது?

கேள்வியைக் கையில் எடுத்தவர்களில் இருவரை நினைவில் வையுங்கள். கான்பூர் ஐ.ஐ.டி.யின் சச்சிதானந்த திரிபாதி. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்து மைக்கேல் பெர்கின். இவர்கள் குழு செய்த காரியம் எளிமையானது. சின்னச் சின்னப் பளிங்குத் துண்டுகளைத் தாஜ்மஹாலிலேயே வைத்தார்கள். ஏறத்தாழ இரண்டு மாதம் அவை அங்கேயே கிடந்தன. மும்தாஜின் கல்லறை சுவாசிக்கும் அதே காற்றை அவையும் சுவாசித்தன. கூடவே, காற்றிலிருந்த நுண்துகளையும் வடிதாளில் பிடித்தார்கள்.

பிறகு துண்டுகள் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ் போயின.

இந்த நேரத்தைத்தான் நான் இந்த வாரம் முழுக்க உங்களுக்குச் சொல்ல ஆசைப்பட்டேன்.

கல்லின்மேல் புழுதி இருந்தது. அது எதிர்பார்த்ததுதான். கரி இருந்தது. அதுவும் எதிர்பார்த்ததுதான். ஆனால் கரி மட்டும் படிந்தால் கல் சாம்பல் நிறமாகும். மஞ்சளாகாது. அப்படியானால் வேறு ஏதோ இருக்க வேண்டும்.

இருந்தது. பழுப்புக் கரிமம்.

விறகும் வரட்டியும் சருகும் குப்பையும் அரைகுறையாக எரியும்போது கிளம்புவது அது. ஒளியில் நீலப் பகுதியை விழுங்கிவிடும். மிச்சமாகத் திரும்பி வரும் ஒளி நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரியும். இத்தனை வருடம் ஆலைப் புகைபோக்கியை நோக்கி நீண்டிருந்த விரல், ஒரே நாளில் அடுப்படிப் பக்கமும் திரும்பியது.

2014 டிசம்பரில் ஆய்வு வெளியானது. சில வாரங்கள்தான். 2015 ஜனவரியில் விஷயம் ஆக்ரா நிர்வாகத்தின் மேசைக்கு வந்துவிட்டது.

அந்த மேசைக்குப் பின்னால் ஒரு நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். உச்ச நீதிமன்றத்தின் கண் உங்கள்மேல். உலகத்தின் கண் தாஜ்மேல். புழுதியை அடக்க வருடங்கள் ஆகும். குப்பை எரிப்பதை நிறுத்த வேண்டுமென்றால் ஊர் முழுக்கக் குப்பையை ஒழுங்காக அள்ள வேண்டும். வரட்டிக்கு?

ஒரு உத்தரவு போதும்.

உத்தரவு வந்தது. ஆக்ரா நகரத்தில் வரட்டி எரிக்கத் தடை.

அந்தத் தடை போய் நின்றது யார் வாசலில்? சாணத்தைப் பிசைந்து, சுவரில் தட்டி, வெயிலில் காயவைத்து, அதில் ரொட்டி சுடுகிற பெண்ணின் வாசலில். அவளுக்கு வரட்டி காசில்லாமல் கிடைக்கிறது. சிலிண்டருக்கு மொத்தமாகப் பணம் வேண்டும். தாஜ்மஹாலைக் கெடுக்க வேண்டும் என்று அவள் அடுப்பு மூட்டவில்லை. பிள்ளைகளுக்குப் பசிக்கிறது என்று மூட்டினாள்.

பெருமாள்மலை வாசகர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். மார்கழி விடியலில் உங்கள் பள்ளத்தைப் பார்த்திருப்பீர்கள். தரையொட்டிய காற்று சில்லிட்டுக் கிடக்கும். மேலே இருப்பது அதைவிட வெதுவெதுப்பு. பாத்திரத்துக்கு மூடி போட்டதுபோல, வீட்டுப் புகை மேலேறாமல் கூரைகளுக்கு மேலேயே தங்கிவிடும். சிலிண்டர் இருக்கிற வீட்டிலும் வெந்நீருக்கும் குளிர் காயவும் வாட்டில் சுள்ளிதான். நாளைக்கே ஒருவர் வந்து ‘விறகு எரிக்கக் கூடாது’ என்று பலகை நட்டால் நீங்கள் முதலில் என்ன கேட்பீர்கள்?

‘சரி, வெந்நீரை எதில் வைப்பது?’

நியாயமான கேள்வி. லண்டனை மூச்சுத் திணறவைத்த பெரும்புகைக்குப் பிறகு, 1956இல் பிரிட்டன் தூய காற்றுச் சட்டம் போட்டது. புகைத் தடைப் பகுதிகளை அறிவிக்கும் அதிகாரம் உள்ளாட்சிகளுக்குக் கிடைத்தது. அதே சட்டம் இன்னொன்றும் செய்தது. கணப்படுப்பை மாற்றும் செலவில் பத்தில் ஏழு பங்கைப் பொதுப்பணம் ஏற்றுக்கொண்டது. அடுப்பை அணைக்கச் சொன்ன அரசு, வேறொரு அடுப்புக்குப் பணமும் கொடுத்தது. அதனால்தான் அந்தச் சட்டம் வீடுகளுக்குள் போனது.

ஆக்ராவில் தடை முந்திக்கொண்டது. ஏழைப் பெண்களுக்கு எரிவாயு இணைப்புத் தரும் உஜ்வலா திட்டம், அதே உத்தரப் பிரதேசத்தின் பல்லியாவில் தொடங்கியது அடுத்த வருடம் மே மாதம்தான்.

என் மனத்தை அறுப்பது அதுகூட இல்லை. அந்தப் புகை கல்லில் படிவதற்கு முன்னால் எங்கே படிந்தது? ஊதுகுழலோடு குனிந்திருந்த அந்தப் பெண்ணின் நுரையீரலில். கல்லுக்காக வந்த விஞ்ஞானம், அவளுக்காக ஏன் வரவில்லை?

வந்திருந்தது!

தாஜ் ஆய்வுக்கு முப்பது வருடம் முன்பே வந்திருந்தது. 1980களின் தொடக்கம். குஜராத் கிராமம். புகை மண்டிய சமையலறை. வாசலில் கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்கர். அணுமின் நிலையமோ ஆலையோ அவர் இலக்கு இல்லை. சமைக்கும் பெண்கள் மூச்சோடு எவ்வளவு புகையை இழுக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். அவர்கள் உடலோடு ஒரு சிறு கருவியை மாட்டியாயிற்று.

அடுப்பு பற்றிக்கொண்டது. கருவி ஓடத் தொடங்கியது.

அது காட்டிய அளவு என்ன? அதைக் கேட்டு அரசுகள் ஏன் இத்தனை காலம் அசையாமல் இருந்தன?

அடுத்த வாரம் அந்தச் சமையலறைக்குள் போகிறோம். வந்துவிடுங்கள்.