200 பவுணும் ஒரு கதவுத் தட்டலும்



பேய் ஒருமுறைகூடக் கண்ணில் படாமலே நூறு ஆண்டுக்கு மேலாகப் பயமுறுத்தும் சிறுகதை ஒன்று உண்டு. 1902இல் வெளிவந்த 'குரங்கின் பாதம்'. எழுதியவர் டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ். 1899 வரை லண்டனில் தபால் சேமிப்பு வங்கிக் குமாஸ்தா. கணக்காளனான எனக்குத் தூரத்து உறவு!

இந்தியாவிலிருந்து ஒரு படைவீரர் கொண்டுவந்த காய்ந்த குரங்குப் பாதம் மூன்று வரம் தருமாம். வீட்டுக் கடனை அடைக்க முதியவர் ஒருவர் 200 பவுண் கேட்கிறார். மறுநாள் அவர் மகன் தொழிற்சாலை இயந்திரத்தில் சிக்கி இறக்கிறான். பொறுப்பேற்க மறுக்கும் நிறுவனம், நட்டஈடாகத் தருவதும் அதே 200 பவுண்.

இந்தத் தொகை கற்பனைக்கு எட்டாததல்ல. பிரித்தானியாவின் 1897ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டப்படி, வேலையில் இறந்தவரை முழுதாக நம்பியிருந்த குடும்பத்துக்கு மூன்று ஆண்டுச் சம்பளம் அல்லது 150 பவுண், இரண்டில் கூடியது கிடைக்கும், உச்சவரம்பு 300. அன்றைய வாசகருக்கு அது தெரிந்த கணக்கு.

மகன் திரும்பி வரவேண்டும் என்பது தாய் கேட்கவைத்த இரண்டாவது வரம். இரவில் கதவு தட்டப்படுகிறது. அவள் தாழ்ப்பாளோடு போராட, தந்தை மூன்றாவது வரத்தைக் கேட்டுவிடுகிறார். கதவைத் திறந்தால் வெறும் தெரு. வெளியே நின்றது எது? ஜேக்கப்ஸ் காட்டவில்லை. ஒலிக்கு உருவம் கொடுப்பது கேட்பவர் மனம்தான் என்பது வானொலி நேயர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

'நட்டஈடு' என்று ஒரு வரியை நானும் பேரேட்டில் பதிந்திருக்கிறேன். யாருக்கு என்று அன்று கேட்கவில்லை. இந்தக் கதையை வாசித்த இரவில்தான் கேட்கத் தோன்றியது.