அடுக்களை வாசலில் நீதி

கொங்கு நாட்டுத் திருச்சபையின் வரலாற்றைக் கன்னியர் இல்லங்களை ஒதுக்கிவிட்டு எழுத இயலாது. 1850-இல் கோவை, தனி ஆயரின் ஆளுகைக்கு உட்பட்ட மறைப்பணித் தளமாயிற்று. மூன்றே ஆண்டுகளில், 1853-இல், பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த ராவேல் அடிகளார் இந்நகரிலேயே காணிக்கை அன்னை பிரான்சிஸ்கன் கன்னியர் சபையைத் தோற்றுவித்தார். அன்று கோவை ஆயரின் ஆளுகையில் இருந்த உதகமண்டலத்தில் அன்னை மேரி ஆஃப் தி பேஷன் தம் தோழியருடன் தங்கியிருந்தார். அவர்கள் தனிச் சபையாக வாழ 1877 ஜனவரி 6 அன்று திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் அனுமதி அளித்தார். இன்று உலகெங்கும் பரவியுள்ள மரியாவின் பிரான்சிஸ்கன் மறைபரப்புக் கன்னியர் சபைக்கு நீலகிரிக் குளிரே தொட்டில்.

இக்கன்னியர் சபைகளை நாம் நினைவுகூரும்போது பள்ளியும் மருத்துவமனையும் அநாதை இல்லமுமே கண்முன் நிற்கின்றன. விழுந்தவரைத் தூக்கி நிறுத்தியது பெரும் தொண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால், 'இவர்கள் ஏன் மீண்டும் மீண்டும் விழுகிறார்கள்?' என்று ஆட்சியாளரிடம் கேட்பதும் தொண்டின் ஒரு பகுதியன்றோ? கன்னியர் அக்கேள்வியைக் கேட்கத் துணிந்த வரலாறு நம்மிடையே அதிகம் பேசப்படவில்லை. அதனை அறியக் கொங்கு நாட்டிலிருந்து சற்றுத் தெற்கே செல்ல வேண்டும்.

அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த ஊர் முளகுமூடு. இன்று அது கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. பெல்ஜியம் நாட்டுத் துறவி அன்னை மரி லூயிஸ் தெ மேஸ்தர் 1897-இல் அங்கு வந்து சேர்ந்தார். அநாதைக் குழந்தைகளைப் பேணினார். பெண்களுக்குக் கைத்தொழில் கற்பித்தார். முளகுமூட்டில் அவர் இட்ட விதையே இன்று மரியாவின் மாசற்ற இருதய மறைபரப்புக் கன்னியர் சபையாக வளர்ந்து நிற்கிறது.

அச்சபையைச் சேர்ந்த அருட்சகோதரி ஜான் தெவோஸ் 1963-இல் இந்தியா வந்தார். அது இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடைபெற்ற காலம். நீதிக்காக உழைப்பது நற்செய்தி அறிவிப்பின் இன்றியமையாத கூறு என்று 1971-ஆம் ஆண்டு ஆயர் மாமன்றம் எடுத்துரைத்தது. அவருடைய நாட்டவரான கர்தினால் கார்டைன், இளம் தொழிலாளர்க்குக் கற்பித்த 'காண், சிந்தி, செயல்படு' என்னும் வழிமுறையும் திருச்சபையில் வேரூன்றியிருந்தது. தமிழகத்தில் பணியாற்றிய சகோதரியின் பார்வை, எவரும் ஏறிட்டுப் பாராத ஒரு கூட்டத்தின்மேல் விழுந்தது. அவர்கள் வீட்டு வேலை செய்யும் பெண்களும் சிறுமியரும். 1980-ஆம் ஆண்டளவில் திண்டுக்கல் வட்டாரத்தில் அவர்களைச் சிறு குழுக்களாகக் கூட்டினார். 1985-இல் மும்பையில் தேசிய வீட்டுப் பணியாளர் இயக்கம் உருவாயிற்று.

இப்பெண்களின் நிலை எத்தகையது என்பதைக் கோவை வாசகருக்கு விளக்குவது எளிது. 1888-இல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கிய நாள் முதல் இந்நகரம் ஆலைச் சங்கின் ஒலிக்கு விழித்தெழுந்தது. ஆலைத் தொழிலாளிக்கு வேலை தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் உண்டு. வார விடுமுறையும் தொழிற்சங்கமும் உண்டு. இவையெல்லாம் நெடிய போராட்டங்களின் பயன். அதே தொழிலாளியின் மனைவி நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கினால் அவளுக்குச் சங்கும் இல்லை, சங்கமும் இல்லை. ஆலை வாயில்வரை வந்த சட்டம் அடுக்களை வாசலில் நின்றுவிட்டது. வீடு தொழிற்கூடம் அன்று, அங்குச் செய்யப்படுவது வேலையும் அன்று என்ற எண்ணமே அதற்குக் காரணம். வீட்டுப் பணியாளர்க்கென 1959-இல் நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்ட தனிநபர் மசோதாவும் சட்டமாகவில்லை.

இயக்கத்தின் முதற்பணி பெயரை மாற்றுவதாக இருந்தது. 'வேலைக்காரி' என்ற சொல்லில் ஏளனம் உண்டு. 'தொழிலாளி' என்ற சொல்லில் உரிமை உண்டு. அடுத்து, அப்பெண்களே தம் குறைகளைத் தம் வாயால் எடுத்துரைக்கப் பழகினர். கன்னியர் அவர்களுக்காகப் பேசுவதோடு நின்றுவிடவில்லை. அவர்கள் பேசுவதற்கு மேடை அமைத்தனர். இவ்வியக்கத்தின் உயிர்நாடி இதுவே.

பலன் மெல்ல வந்தது. 14 வயதுக்குட்பட்ட சிறுவர் சிறுமியரை வீட்டு வேலையில் அமர்த்துவதை 2006 அக்டோபர் 10 முதல் மைய அரசு தடை செய்தது. 2007-இல் தமிழக அரசு வீட்டுப் பணியாளர் நல வாரியம் அமைத்தது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் மசோதா 2010-இல் வந்தபோது வீட்டுப் பணியாளர் அதிலிருந்து விலக்கப்பட்டிருந்தனர். பெண்கள் அமைப்புகளும் பணியாளர் அமைப்புகளும் இதனை எதிர்த்துக் குரல் எழுப்பின. 2013-இல் சட்டம் நிறைவேறியபோது அவர்களும் அதில் சேர்க்கப்பட்டிருந்தனர். ஒரே ஒரு விலக்கை நீக்க எத்தனை மனுக்கள், எத்தனை கூட்டங்கள்!

உலக அளவில் திருப்புமுனை 2011 ஜூன் 16 அன்று நேர்ந்தது. ஜெனீவாவில் கூடிய உலகத் தொழிலாளர் மாநாடு, வீட்டுப் பணியாளர்க்குக் கண்ணியமான வேலை கோரும் 189-ஆவது உடன்படிக்கையை ஏற்றது. ஆதரவு வாக்குகள் 396, எதிர்ப்பு 16, நடுநிலை 63. வார ஓய்வு, எழுத்து மூலமான நிபந்தனைகள், மற்றத் தொழிலாளர்க்குரிய பாதுகாப்பு ஆகியவற்றை அது வலியுறுத்துகிறது. 2013 செப்டம்பர் 5 அன்று அது நடைமுறைக்கு வந்தது. இந்தியா ஆதரவாக வாக்களித்தது. ஆயினும் உடன்படிக்கையை ஏற்று உறுதி செய்யவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வீட்டுப் பணியாளர்க்கெனத் தனிச்சட்டம் தேவையா என ஆராயக் குழு அமைக்குமாறு மைய அரசுக்கு ஆணையிட்டது.

'செபமாலை ஏந்த வேண்டிய கை மனு ஏந்தலாமா?' என்று கேட்போர் நம்மிடையே உண்டு. கட்சி அரசியல் துறவிக்கு உரியதன்று என்பது உண்மையே. ஆனால், கொடுக்கப்படாத கூலி ஆண்டவர் செவியில் ஓலமிடுகிறது என்று எச்சரித்தவர் அரசியல்வாதியல்லர், திருத்தூதர் யாக்கோபு. நியாயக் கூலி நீதியின் கடன் என்று 1891-இல் தம் சுற்றுமடலில் சாற்றியவர் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர். கன்னியர் அந்தப் போதனையையே அரசு அலுவலகத்தின் படியேறிச் சொன்னார்கள்.

உலகில் வீட்டுப் பணியாளர் ஏறத்தாழ 7 கோடியே 56 லட்சம் பேர் எனப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2021-இல் மதிப்பிட்டது. அவர்களுள் நாலில் மூவர் பெண்கள். அப்பெண்களுள் சிலர் நம் இல்லங்களிலும் பணிபுரிகின்றனர். ஆலை முதலாளியிடம் நியாயம் கேட்பது எளிது; ஏனெனில் முதலாளி வேறொருவர். இங்கோ முதலாளி நாமே. ஞாயிறு திருப்பலிக்கு நாம் செல்லும் வேளையில் நம் வீட்டுப் பாத்திரம் துலக்குபவருக்கு ஓய்வு நாள் எது? அவர் நோயுற்ற நாளின் கூலி என்ன ஆகிறது? அவர் நம் வீட்டில் எந்தத் தட்டில் உண்கிறார், எங்கே அமர்கிறார்? கன்னியர் நூறு படிகள் ஏறிப் பெற்றுத் தந்த சட்டம் எதுவாயினும், அது கடக்க வேண்டிய கடைசிப் படி நம் வீட்டு வாசற்படியே. அதைத் திறந்துவிட எந்த அரசாணைக்கும் நாம் காத்திருக்க வேண்டியதில்லை.