பிசுக்குமையும் அதனை அளந்த கருவிகளும்

நீர் விரைந்தோடும், நல்லெண்ணெய் தாழ்ந்தோடும், தேன் மெல்ல ஒழுகும். திரவத்தின் ஓட்டத்தைத் தடுக்கும் இவ்வகவுராய்வே பிசுக்குமை எனப்படும். நியூற்றன் 1687இல் வெளியிட்ட தம் நூலில் இதனை ஆராய்ந்தாராயினும், செம்மையாக அளக்கும் நெறி பிறப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டு சென்றது.

அந்நெறியைத் தனித்தனியே கண்டோர் இருவர். ஒருவர் செருமானியப் பொறியியலாளர் ஆகன். அவர் தம் முடிபை 1839இல் வெளியிட்டார். மற்றவர் பிரெஞ்சு மருத்துவர் புவாசேய். நுண்ணிய நாளங்களிற் குருதி எங்ஙனம் ஓடுகின்றது என அறிய விழைந்த இவர், மயிர்த்துளைக் கண்ணாடிக் குழாய்களில் நீரைச் செலுத்தி ஆராய்ந்தார். ஓடும் நீரின் அளவு அமுக்கத்தோடு நேராகவும், குழாயின் நீளத்தோடு எதிராகவும், ஆரையின் நான்காம் வலுவோடு நேராகவும் மாறும் எனக் கண்டார். ஆரை இருமடங்காயின் ஓட்டம் பதினாறு மடங்காகும். பின்னர், 1851இல், ஸ்ரோக்ஸ் என்பார் திரவத்தில் வீழும் கோளத்தின் வேகத்துக்குரிய விதியைத் தந்தார்.

எண்ணெய் வணிகமோ எளிய கருவியையே வேண்டிநின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் றெட்வூட், செருமனியில் எங்லர், அமெரிக்காவிற் சேபோல்ற் ஆகியோர் அடியிற் துளையுள்ள கிண்ணங்களை அமைத்தனர். றெட்வூட் கருவியில், குறித்த வெப்பநிலையில் 50 கன சதமமீற்றர் எண்ணெய் வடியும் நேரம் செக்கனிற் கணிக்கப்படும்.

இக்கருவியின் வரலாறு எம் பகுதியையும் அணுகுகின்றது. குச்சவெளிக்குத் தெற்கே, திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த சீனக்குடாவில், பிரித்தானியக் கடற்படை எண்ணெய்க் குதங்களை அமைத்தது. நூற்றளவினவாய அவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10,000 தொன் கொள்ளத்தக்கவை. 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் நிகழ்ந்த யப்பானிய விமானத் தாக்குதலில் அவற்றுள் ஒன்று எரிந்தழிந்தது. கப்பல்கள் எரித்த கனவெண்ணெய் மிகத் தடித்தது. சூடாக்கினாலன்றி அது குழாய்வழி எளிதிற் செல்லாது. உலையிலும் நுண்துளிகளாகச் சிதறாது. எத்துணைச் சூடு வேண்டும் என்பதைப் பிசுக்குமையே உணர்த்தும். முதலாம் றெட்வூட் கருவியில் இவ்வெண்ணெய் வடிய நெடுநேரம் செல்லுமாதலின், அகன்ற துளையுடைய இரண்டாம் கருவி எழுந்தது. 'கடற்படை வகை' என்பது அதன் மறுபெயர்.

எனினும் இவ்வளவைகளில் ஒரு குறை இருந்தது. றெட்வூட் செக்கன் திரவத்தின் இயல்பை மட்டுமன்றிக் கிண்ணத்தின் அமைப்பையும் சார்ந்தது. ஒரே எண்ணெய்க்கு நாட்டுக்கொரு எண் வழங்கியமையால் ஒப்பீட்டு அட்டவணைகள் வேண்டியிருந்தன. இந்நாளில் நியம அளவீட்டுக்கு உரியது மயிர்த்துளைக் கண்ணாடிக் கருவியே. 20 பாகை சதமவளவையில் நீரின் பிசுக்குமை ஏறத்தாழ 1 சதமபோய்சு; இவ்வலகு புவாசேயின் பெயரால் அமைந்தது.

குருதியோட்டத்தை அறிய விழைந்த மருத்துவரின் விதி, ஈற்றில் எண்ணெய் வணிகத்துக்கும் பொது அளவையாயிற்று. உடனடிப் பயன் தராதென ஓர் ஆராய்ச்சியை ஒதுக்க முற்படும் மாணவர் இவ்வரலாற்றை எண்ணிப் பார்ப்பாராக.