கற்றல் இடர்ப்பாடும் படிமுறை உதவியும்

எழுத்தறிவு யாவர்க்கும் உரியது என்னுங் கொள்கை நிலைபெற்ற பின்னரே எழுத்தைக் கற்க இயலாது இடர்ப்படும் பிள்ளைகள் ஆசிரியரின் கண்ணுக்குப் புலப்படலாயினர். சிலர் மட்டுமே கற்ற காலத்திற் கல்லாதவன் தனித்துத் தோன்றவில்லை. எல்லாரும் வகுப்பறையில் அமர்த்தப்பட்டபொழுது, நல்லறிவு உடையவனாகியும் வாசிக்கமாட்டாத பிள்ளை ஒரு புதிராயினான். அவனை மந்தன் என்றும் சோம்பன் என்றும் ஒதுக்கிய நிலை மாறி, அவனுக்குப் படிப்படியாக உதவுதல் பாடசாலையின் கடமை என்னும் நிலை உண்டாவதற்கு நூறாண்டுக்கு மேற் சென்றது. அம்மாற்றம் நிகழ்ந்த முறையை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாற்றிலே தெளிவாகக் காணலாம். ஆயினும் அதன் தோற்றுவாய் ஐரோப்பாவிலே உளது.

1877ஆம் ஆண்டில் ஜேர்மானிய வைத்தியரான அடோல்ப் குஸ்மௌல், பார்வையும் பேச்சுங் குன்றாதிருக்கவும் வாசிக்கும் ஆற்றலை மாத்திரம் இழந்த நோயாளரின் நிலையைச் 'சொற்குருடு' எனக் குறித்தார். 1896ஆம் ஆண்டில் ஆங்கில வைத்தியரான பிரிங்கில் மோர்கன், இக்குறை பிறவியிலேயே அமைதலுங் கூடும் என்று எழுதினார். அவர் கண்ட 14 வயதுச் சிறுவன் கணக்கில் வல்லவன். ஆயினும் எளிய சொற்களையும் வாசிக்க இயலாதவன். பாடங்கள் யாவும் வாய்மொழியாகவே நடைபெறின் அவன் பாடசாலையிற் சிறந்து விளங்குவான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்தாயிருந்தது. ஆகவே, கற்க இயலாமை வேறு, அறிவின்மை வேறு என்னும் உண்மை அக்காலத்திலேயே அறியப்பட்டது. அறியப்பட்ட உண்மை வகுப்பறையை அடையத்தான் நெடுங்காலஞ் சென்றது.

இதனிடையே, 1905ஆம் ஆண்டில் பிரான்சிய உளவியலாளராகிய அல்பிரட் பினே, தியோடர் சிமோன் என்பார் தம் நுண்மதிச் சோதனையை வெளியிட்டனர். சாதாரண வகுப்பிற் கற்க இடர்ப்படுவோரை இனங்கண்டு உதவுதல் அதன் நோக்கமாகும். நுண்மதி பயிற்சியால் வளரத்தக்கது என்பது பினேயின் எண்ணம். அச்சோதனை அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்கா சென்ற பின்னரோ, மாறாத இயல்பொன்றை அளக்குங் கோலாகவே பலராலுங் கொள்ளப்பட்டது.

1963ஆம் ஆண்டில் சிக்காகோ நகரிற் பெற்றோர் மாநாடு ஒன்று கூடியது. தம் பிள்ளைகளுக்குத் தக்க கல்வி கிடையாமையால் வருந்தியவர்களே அங்கு வந்திருந்தனர். அவர்கள்முன் உரையாற்றிய பேராசிரியர் சாமுவேல் கேர்க் 'கற்றல் இடர்ப்பாடு' என்னுந் தொடரை எடுத்துரைத்தார். பெற்றோர் அதனைத் தம் இயக்கத்தின் பெயராகவே ஏற்றுக்கொண்டனர். இழிவுதரும் பழைய பெயர்களின் இடத்தில் இப்பெயர் நிலைத்தமை சிறு வெற்றியன்று. 1975ஆம் ஆண்டில், குறைபாடுடைய பிள்ளைகள் அனைவருக்கும் இலவசமாகத் தகுந்த கல்வி அளித்தல் வேண்டுமென்று சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு முன்னர்ப் பத்து இலட்சம் பிள்ளைகள் பொதுப் பாடசாலைக்கு முற்றாகப் புறம்பாயிருந்தனர் என அச்சட்டமே கூறுகின்றது.

ஆயினும், உதவி பெறுதற்குரியவர் யாவர் என்னும் வினா எழுந்தது. 1977ஆம் ஆண்டு விதிகள் நுண்மதிக்கும் பாட அடைவுக்குமிடையே பெரிய வேறுபாடு காணப்படுதலை அதற்கு அடையாளமாகக் கொண்டன. இவ்விதி நேர்மையானதாகத் தோன்றினும் அதனுள்ளே பெருந்தீங்கு மறைந்திருந்தது. முதலாம் வகுப்பிற் பயிலும் பிள்ளையிடத்து அத்தகைய வேறுபாடு எளிதில் வெளிப்படாது. அவன் மூன்றாம் நான்காம் வகுப்புவரை பின்தங்கிய பின்னரே கணக்கில் வேறுபாடு தோன்றும். அதற்குள் அவன் தன்னைத்தானே அறிவிலி என்று நம்பிவிடுவான். உதவி பெறுதற்குத் தோல்வியே தகுதியாயிற்று. 'தோல்வியுறும்வரை காத்திருக்கும் முறை' என்று அறிஞர் இதனைக் கண்டித்தனர்.

மாற்றுவழி சிறிது சிறிதாக உருவாயிற்று. மினசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டான்லி டெனோவும் அவருடன் ஆய்ந்தோரும், பிள்ளை ஒரு நிமிடத்திற் சரியாக வாசிக்குஞ் சொற்களை அடிக்கடி எண்ணி முன்னேற்றத்தை அறியும் எளிய முறையொன்றை வகுத்தனர். 1982ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் அறிக்கையொன்று, பிள்ளையைக் குறைபாடுடையவன் எனத் தீர்க்குமுன், சாதாரண வகுப்பில் அவன் நன்கு கற்பிக்கப்பட்டானா என்பதை ஆராய வேண்டுமென வலியுறுத்தியது. 1996ஆம் ஆண்டில் பிராங் வெலுற்றினோ குழுவினர் வெளியிட்ட ஆய்விலே, வாசிப்பிற் பின்தங்கிய முதலாம் வக்குப்பினருக்கு நாடோறுந் தனித்துக் கற்பித்தபொழுது, ஒரு பருவத்துள் அவருள் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் சராசரி நிலையை எய்தினர். அவர்களுடைய குறை பெரும்பாலும் கற்பித்தலின் குறையே என்பது இதனாற் பெறப்பட்டது.

இவற்றின் பயனாக 2004ஆம் ஆண்டுச் சட்டம் பழைய வேறுபாட்டு விதியைக் கட்டாயமாக்குதல் ஆகாது என்றது. தக்க கற்பித்தலுக்குப் பிள்ளை எவ்வாறு பயன்காட்டுகின்றான் என்பதைக் கொண்டு தீர்மானிக்கவும் இடமளித்தது. பாடசாலைகளிற் பரவிய ஒழுங்கு பெரும்பாலும் மூன்று படிகளையுடையது. முதற்படியில் வகுப்பினர் அனைவருக்கும் செம்மையான கற்பித்தலும், ஆண்டில் மும்முறை பொதுச் சோதனையும் உண்டு. இரண்டாம் படியிற் பின்தங்குவோர் சிறு குழுவாகச் சில வாரங்கள் மேலதிகப் பயிற்சி பெறுவர். அதனாலும் முன்னேறாதார்க்கு மூன்றாம் படியில் இன்னுஞ் செறிவான தனிக் கற்பித்தல் அமையும்.

இம்முறையும் பிழையற்றதன்று. படிகளைக் காரணங்காட்டிச் சில இடங்களிற் பிள்ளையின் முழுமையான பரிசோதனை பின்போடப்பட்டது. அவ்வாறு தாமதித்தல் சட்டத்துக்கு மாறு என்று 2011ஆம் ஆண்டிற் கல்வித் திணைக்களம் அறிவிக்க நேர்ந்தது. 2015ஆம் ஆண்டில் வெளிவந்த பெரிய ஆய்வொன்று, முதலாம் வகுப்பில் எல்லைப் புள்ளிக்குச் சற்றே கீழ்நின்று மேலதிக உதவிக்கு அனுப்பப்பட்டோர் அதனால் நன்மையடையாது சிறிது பின்தங்கியதையும் காட்டியது. படிகளை வகுத்தல் எளிது. அவற்றில் நிகழுங் கற்பித்தல் பிள்ளையின் தேவைக்குப் பொருந்துதல் அரிது.

எனினும் இவ்வரலாறு ஓர் உண்மையை நிலைநாட்டியுள்ளது. 'இப்பிள்ளையிடம் என்ன குறை?' என்று மாத்திரம் வினாவிய பாடசாலை, 'இவனுக்கு யாது கற்பித்தோம், அதனால் என்ன பயன் விளைந்தது?' என்று தன்னையும் வினாவக் கற்றது. காலத்தாற் செய்யும் உதவியின் பெருமையை வள்ளுவர் சிறப்பித்துக் கூறினார். முதலாம் வகுப்பில் அளிக்கும் அரைமணி நேரப் பயிற்சி, நான்காம் வகுப்பில் அளிக்கும் பேருதவியினும் மேலானதாதல் கூடும். இதனை உணர்ந்த ஆசிரியர் முன்னே எந்தப் பிள்ளையும் தோல்வியுறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.