அப்பல்லோ 13: திரைப்படமும் வரலாறும்

ரான் ஹோவர்டு இயக்கி 1995-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியான அமெரிக்கத் திரைப்படம் 'அப்பல்லோ 13'. நிலவில் இறங்கச் சென்று, இறங்காமலே திரும்பிய மூன்று விண்வெளி வீரர்களின் உண்மை நிகழ்வை இது சித்தரிக்கிறது. பயணத் தலைவர் ஜிம் லோவெல், ஜெஃப்ரி குளூகருடன் சேர்ந்து எழுதிய நூலே படத்தின் மூலம். லோவெலாக டாம் ஹாங்க்ஸ் நடித்தார். எடையற்ற நிலையைக் காட்ட, நாசாவின் கேசி-135 விமானம் வளைவுப் பாதையில் ஏறி இறங்கும்போது கிடைக்கும் 25 விநாடிக்கும் குறைவான இடைவெளிகளில் பல காட்சிகள் படமாக்கப்பட்டன. சிறந்த படத்தொகுப்புக்கும் ஒலிக்கும் ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன.

1970 ஏப்ரல் 11 அன்று லோவெல், ஜாக் ஸ்விகர்ட், ஃபிரெட் ஹேய்ஸ் ஆகியோருடன் கலம் புறப்பட்டது. ஏறத்தாழ 56 மணி நேரத்துக்குப் பின், பூமியிலிருந்து சுமார் 3,20,000 கி.மீ. தொலைவில், இரண்டாம் ஆக்சிஜன் தொட்டி வெடித்தது. முதல் தொட்டியும் கசியத் தொடங்கியது. அக்கலத்தில் ஆக்சிஜன் மூச்சுக்கு மட்டுமன்று. எரிபொருள் மின்கலங்களில் ஹைட்ரஜனுடன் சேர்ந்து மின்சாரத்தையும் குடிநீரையும் தந்ததும் அதுவே. ஆகவே ஒரு தொட்டி போனதும் மூன்றும் சேர்ந்து போயின.

வீரர்கள் 'அக்வாரியஸ்' என்ற நிலவுக் கலத்துக்குள் புகுந்தனர். இருவர் சுமார் 45 மணி நேரம் தங்குவதற்கென வடிவமைக்கப்பட்ட அதில் மூவர் ஏறத்தாழ 90 மணி நேரம் வாழ வேண்டியிருந்தது. மூச்சுக்காற்று அங்கு போதிய அளவு இருந்தது. உண்மையான தட்டுப்பாடு தண்ணீருக்குத்தான்; மின்கருவிகள் சூடேறாமல் இருக்கவும் தண்ணீரே தேவைப்பட்டது. பூமிக்குள் நுழைவதற்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் முன்பே அது தீர்ந்துவிடும் எனக் கணக்கிடப்பட்டது. அப்பல்லோ 11-இன் நிலவுக் கலத்தில் முன்னர் நடத்திய சோதனையில், நீர்க் குளிர்ச்சி இல்லாமல் ஏழெட்டு மணி நேரம் கருவிகள் தாங்கியிருந்தன என்பது ஓர் ஆறுதல். ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 மி.லி. அளவுக்கும் குறைவான நீரே அருந்தினர். லோவெல் ஆறு கிலோவுக்கு மேல் எடை இழந்தார். ஹேய்ஸுக்குச் சிறுநீர்த்தொற்று ஏற்பட்டது. இறங்கும்போது மீதமிருந்தது ஏறத்தாழ 13 கிலோ நீர்.

மின் பயன்பாடு ஐந்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டதால் கலத்தில் குளிர் 3 பாகை செல்சியஸ் வரை இறங்கியது. மூவரின் மூச்சிலிருந்து வெளிப்பட்ட கரியமில வாயு அடுத்த ஆபத்து. அதை உறிஞ்சும் லித்தியம் ஹைட்ராக்சைடு பெட்டிகள் கட்டளைக் கலத்தில் சதுர வடிவிலும், நிலவுக் கலத்தில் வட்ட வடிவிலும் இருந்தன. பிளாஸ்டிக் பை, அட்டை, விண்வெளி உடையின் குழாய், ஒட்டும் நாடா ஆகியவற்றால் இரண்டையும் இணைக்கும் வழியைத் தரைப் பொறியாளர்கள் வகுத்து, வானொலி மூலம் படிப்படியாகச் சொல்லிக் கொடுத்தனர். படத்தின் சிறந்த பகுதியும் இதுவே. நடந்ததற்கு மிக நெருக்கமானதும்கூட.

ஆனால் ஸ்விகர்ட், ஹேய்ஸ் இடையே படத்தில் வரும் சச்சரவு கற்பனை. தோல்விக்கு இடமில்லை என்ற பொருளில் ஜீன் கிரான்ஸ் பேசும் புகழ்பெற்ற வசனமும் திரைக்கதையாசிரியர்கள் எழுதியது. பின்னாளில் கிரான்ஸ் அதையே தம் நூலின் தலைப்பாக்கிக்கொண்டார். சிக்கல் ஏற்பட்டது என்று வீரர்கள் இறந்தகாலத்தில் சொன்னதைப் படம் நிகழ்காலமாக்கியது. இன்று பலருக்கும் நினைவிருப்பது படத்தின் வாக்கியம்தான்.

ஏப்ரல் 17 அன்று மூவரும் பசிபிக் பெருங்கடலில் உயிருடன் இறங்கினர்.

வெடிப்பின் காரணத்தைப் படம் ஓரிரு வாக்கியங்களில் கடந்துவிடுகிறது. விசாரணைக் குழு கண்டறிந்தது இதைவிட விரிவானது. அந்தத் தொட்டி 1968-இல் தொழிற்சாலையில் சுமார் 5 செ.மீ. உயரத்திலிருந்து விழுந்திருந்தது. 1970 மார்ச்சில் நடந்த சோதனைக்குப் பின் அதிலிருந்த ஆக்சிஜனை வழக்கம்போல் வெளியேற்ற முடியவில்லை. உள்ளிருந்த சூடேற்றியை எட்டு மணி நேரம் இயக்கி ஆவியாக்கினர். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் சுவிட்சுகள் 28 வோல்ட்டுக்கானவை. தரையிலிருந்து வந்ததோ 65 வோல்ட். சுவிட்சுகள் உருகி ஒட்டிக்கொண்டன, கம்பிகளின் உறை கருகியது. வெப்பமானி 27 பாகைக்கு மேல் காட்டாது என்பதால், பார்த்துக்கொண்டிருந்தவருக்கு எல்லாம் சரியாகவே தெரிந்தது.