கணினித் தொழிலில் பட்டமும் பட்டறிவும்

மருத்துவராகவோ வழக்கறிஞராகவோ பணிசெய்ய இந்தியாவில் பட்டமும் பதிவும் சட்டப்படி கட்டாயம். நிரல் எழுத அப்படி எந்த உரிமமும் தேவையில்லை. இத்துறையில் தொழில் முதலில் பிறந்தது. படிப்பு பிறகுதான் வந்தது. 1945-46இல் எனியாக் கணினிக்கு நிரலமைத்த ஆறு பெண்களிடமும் கணினிப் பட்டம் இல்லை. அப்படியொரு பட்டமே அன்று உலகில் இல்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கணிப்பியலில் பட்டயப் படிப்பைத் தொடங்கியது 1953இல். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் துறை 1962இல் அமைந்தது.

இந்தியாவில் கல்லூரிக்கு வெளியே கற்றவர்களுக்காக 1990இல் டோயெக் என்ற கணினிச் சான்றிதழ்த் திட்டம் வந்தது. அதன் ஓ, ஏ, பி, சி நிலைத் தேர்வுகளை இன்று நைலிட் என்ற அரசு நிறுவனம் நடத்துகிறது. சென்னையின் ஸோஹோ நிறுவனம் 2005 முதல் பள்ளிப் படிப்பையோ டிப்ளமோவையோ முடித்தவர்களைக் கட்டணமின்றி, உதவித்தொகையுடன் பயிற்றுவித்துப் பணியில் அமர்த்துகிறது. இந்தப் பாதை பரவலாக வேண்டும். ஏனெனில், பிறர் எழுதிய நிரலைப் படித்துப் புரிந்துகொள்வதும், ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பில் பிழையைத் தேடிப் பிடிப்பதும் பெரும்பாலும் வேலையில்தான் கைவரும். எனினும், படிமுறைகளின் கணிதம், இயங்குதளத்தின் உள்ளமைப்பு போன்றவற்றை முறையாகக் கற்காதவர் ஒரு கட்டத்தில் தடுமாறுவதுண்டு.

அமெரிக்காவின் எச்-1பி வேலை விசா விதிகள் பட்டத்துக்கும் பட்டறிவுக்கும் இடையே மாற்று விகிதமே வகுத்துள்ளன: குறையும் ஒவ்வோர் ஆண்டுக் கல்லூரிப் படிப்புக்கும் மூன்றாண்டுத் தொழில் அனுபவம் ஈடாகும்.