ஏட்டில் ஏறாத ஆட்டம்

ஆட்டம் முடிந்ததும் திடல் வெறுமையாகிறது. ஆரவாரம் அடங்குகிறது. கண்டவர் நெஞ்சில் சில காலம் நிற்கும் காட்சிகளும் நாளடைவில் அவர்களோடு மறைந்து போகின்றன. எஞ்சுவது குறிப்பேடு ஒன்றே. ஓட்டம் இத்தனை, கோல் இத்தனை, புள்ளி இத்தனை என்று அதில் எழுதப்பெற்ற எண்களைக் கொண்டே பின்வரும் தலைமுறை ஒரு விளையாட்டாளரின் தகுதியை எடைபோடுகிறது. எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய தமிழ் மரபினர்க்கு இது புதுமையன்று. ஆயினும் எண்ணப்பட்டவை எவை, எண்ணப்படாமல் விடப்பட்டவை எவை என்று கேட்கத் தொடங்கும்போதுதான் புள்ளிவிவரத்தின் உண்மையான பயனும் அதன் குறையும் ஒருங்கே புலப்படும். அவ்விரண்டையும் காட்டும் சான்றுகள் கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் நிறைய உண்டு.

கோலாலம்பூர் தந்த டெஸ்ட் வீரர்

சிலாங்கூர் கிளப் 1884ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் எதிரே பரந்து கிடந்த பசும்புல் திடலைப் ‘பாடாங்’ என்று மக்கள் வழங்கினர். ஆங்கிலேயர் ஆட்சியில் கிரிக்கெட் ஆடப்பெற்ற அத்திடலில்தான் 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் பிறந்த நள்ளிரவில் விடுதலைக் கொடி ஏறிற்று. அதுவே இன்றைய மெர்டேக்கா சதுக்கம்.

இந்நகரில் 1909ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் பிறந்தவர் லால் சிங் என்னும் சீக்கியர். 1932இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் அவர் இடம்பெற்றார். அவ்வாண்டு ஜூன் 25ஆம் நாள் இலண்டன் லார்ட்ஸ் திடலில் இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தைத் தொடங்கியது. முகமது நிசாரின் வேகத்தில் இங்கிலாந்தின் தொடக்க ஆட்டக்காரர் இருவரும் வீழ்ந்தனர். அடுத்து வந்த பெருவீரர் ஃபிராங்க் உல்லி 9 ஓட்டங்களில் ‘ரன் அவுட்’ ஆனார். 19 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்டுகள் சரிந்தன. உல்லியை வெளியேற்றியது லால் சிங்கின் மின்னல் வேகக் களத்தடுப்பாகும்.

அந்த ஆட்டத்தில் இந்தியா 158 ஓட்டங்களில் தோற்றது. இரண்டாம் முறை ஆடியபோது அமர் சிங்கும் லால் சிங்கும் எட்டாவது விக்கெட்டுக்கு 74 ஓட்டங்கள் சேர்த்தனர். லால் சிங் முதல் முறை 15, இரண்டாம் முறை 29 ஓட்டங்கள் எடுத்தார். அதன்பின் அவர் வேறு டெஸ்ட் ஆடவில்லை. எனவே ஏட்டில் அவர் பெயருக்கு எதிரே நிற்பவை ஓர் ஆட்டம், 44 ஓட்டங்கள், சராசரி 22 என்பனவே.

உல்லி வீழ்ந்த அந்த நொடி எங்கே? அது உல்லியின் பெயருக்கு எதிரே ‘ரன் அவுட்’ என்னும் சொல்லாக மட்டுமே நிற்கிறது. பந்தை எறிந்து வீழ்த்தியவர் பெயரை எழுதும் வழக்கம் அக்காலக் குறிப்பேட்டில் இல்லை. பந்துவீச்சாளருக்கு விக்கெட் கணக்கு உண்டு. பந்தைப் பிடித்தவருக்கும் கணக்கு உண்டு. ஏக்நாத் சோல்கர் 27 டெஸ்ட் ஆட்டங்களில் 53 பந்துகளைப் பிடித்தார் என்பதை இன்றும் சொல்ல முடிகிறது. ஆனால் ஓடித் தடுத்தவருக்கும், எறிந்து வீழ்த்தியவருக்கும், எதிரியை ஓடவிடாமல் அஞ்ச வைத்தவருக்கும் அன்றைய ஏட்டில் இடமில்லை. லால் சிங்கின் தலைசிறந்த திறன் எதுவோ அதுவே கணக்கில் ஏறாமற் போயிற்று.

சராசரியின் ஆற்றலும் எல்லையும்

சராசரி என்பது எளிய வகுத்தல். எடுத்த ஓட்டங்களை, ஆட்டமிழந்த தடவைகளால் வகுக்க வேண்டும். பத்து ஆட்டம் ஆடியவரையும் நூறு ஆட்டம் ஆடியவரையும் ஒரே தராசில் நிறுத்தலாம் என்பது இதன் சிறப்பு. டொனால்டு பிராட்மன் 52 டெஸ்ட் ஆட்டங்களில் 6,996 ஓட்டங்கள் எடுத்தார். 80 முறை மட்டை பிடித்து 70 முறை ஆட்டமிழந்தார். 6,996ஐ 70ஆல் வகுத்தால் 99.94 கிடைக்கும். 1948இல் தம் இறுதி ஆட்டத்தில் 4 ஓட்டங்கள் எடுத்திருந்தால் சராசரி 100 ஆகியிருக்கும். அவர் ஓட்டமின்றி வெளியேறினார். எந்தப் புகழ்மொழியும் உணர்த்த இயலாத உயரத்தை 99.94 என்னும் ஓர் எண் உணர்த்திவிடுகிறது.

எனினும் எதிரே நின்றவர் யார் என்பதைச் சராசரி சொல்வதில்லை. இதற்குக் கிள்ளானிலேயே சான்று உண்டு. 2023ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் பண்டமாரானிலுள்ள பாயுமாஸ் திடலில் மலேசியாவும் சீனாவும் இருபது ஓவர் ஆட்டத்தில் மோதின. மலேசியாவின் சியாஸ்ருல் இட்ருஸ் 8 ஓட்டங்களே கொடுத்து 7 விக்கெட்டுகளை வீழ்த்தினார். சீனா 23 ஓட்டங்களில் சுருண்டது. ஆடவர் அனைத்துலக இருபது ஓவர் ஆட்டங்களில் ஒருவர் 7 விக்கெட் எடுத்தது அதுவே முதன்முறை. அது பெருமைக்குரிய சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் சீன அணி கிரிக்கெட்டில் வளர்ந்துவரும் அணி. கண்டி தந்த தமிழர் முத்தையா முரளிதரன் 133 டெஸ்ட் ஆட்டங்களில், உலகின் வலிய அணிகளுக்கு எதிராகவே பெரும்பாலும் பந்து வீசி, 800 விக்கெட்டுகளைச் சேர்த்தார். இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது, ஐந்தாம் வகுப்புத் தேர்வில் பெற்ற மதிப்பெண்ணைப் பல்கலைக்கழகத் தேர்வின் மதிப்பெண்ணோடு ஒப்பிடுவது போன்றதாகும்.

கோல் அடித்தவரும் காத்தவரும்

காற்பந்தில் இந்தக் குறை இன்னும் தெளிவாகத் தெரியும். சிலாங்கூர் வீரர் மொக்தார் டஹாரி நாட்டுக்காக 142 ஆட்டங்களில் 89 கோல்கள் அடித்தார் என்பது அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனம் ஏற்றுக்கொண்ட கணக்கு. அவர் 1991இல் மறைந்த பின்னரும் அந்த எண் அவர் பெருமையைப் பேசி வருகிறது.

அவர் காலத்தில் சிலாங்கூர் அணிக்கும் நாட்டு அணிக்கும் கோல் காவலராக நின்றவர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் பந்தை எட்டிப் பிடித்த அவரை மக்கள் ‘ஸ்பைடர்மேன்’ என்று அன்போடு அழைத்தனர். 1980ஆம் ஆண்டு ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் மலேசியா 2-1 என்னும் கணக்கில் தென்கொரியாவை வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. ஆப்கானிஸ்தான் படையெடுப்பைக் கண்டித்து மலேசியா அப்போட்டியைப் புறக்கணித்ததால் அந்த அணி மாஸ்கோ செல்லவில்லை. அன்று மலேசியாவுக்கு விழுந்த இரண்டு கோல்களும் யாருடையவை என்பது ஏட்டில் உண்டு. ஆறுமுகம் தம் வாழ்நாளில் தடுத்த பந்துகள் எத்தனை? கோல் அடித்தவரின் வெற்றி எண்ணாகிறது. காத்தவரின் வெற்றியோ நிகழாமற் போன ஒன்று. நிகழாததை எண்ணும் வழக்கம் அன்று இல்லை. 1988ஆம் ஆண்டு டிசம்பரில் சாலை விபத்தில் ஆறுமுகம் இறந்தபோது நாடே வருந்தியது. அந்த வருத்தத்தில் அவர் தகுதி தெரிந்தது. கோல் பட்டியலில் அதற்கு இடமில்லை.

கூடைப்பந்து கற்பித்த பாடம்

இக்குறையை உணர்ந்து கணக்கை விரிவாக்க முயன்ற விளையாட்டுகளுள் முன்னிற்பது அமெரிக்கக் கூடைப்பந்து. வில்ட் சேம்பர்லின் 1962ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தார். அவருடைய வாழ்நாள் சராசரி ஆட்டத்துக்கு 30.1 புள்ளிகள். அவருடன் போட்டியிட்ட பில் ரஸ்ஸலின் சராசரி 15.1 மட்டுமே. புள்ளியை மட்டும் நோக்கினால் முன்னவர் இருமடங்கு சிறந்தவர். ஆனால் ரஸ்ஸலின் பாஸ்டன் அணி அவர் ஆடிய 13 பருவங்களில் 11 முறை வாகை சூடியது. சேம்பர்லின் பெற்ற வாகை இரண்டே. எதிரி எறியும் பந்தைத் தடுப்பதில் ரஸ்ஸல் நிகரற்றவர். தடுத்த பந்துகளையும் பறித்த பந்துகளையும் அந்தச் சங்கம் 1973-74 பருவத்தில்தான் எழுதத் தொடங்கியது. ரஸ்ஸலோ 1969இலேயே ஓய்வு பெற்றுவிட்டார்.

பின்னர் ஆய்வாளர்கள் மேலும் ஒரு வழி கண்டனர். ஒருவர் ஆடுகளத்தில் இருந்தபோது அவர் அணி எத்தனை புள்ளி முந்தியது அல்லது பிந்தியது என்று கணக்கிட்டனர். இவ்வகைக் கணக்குகளால் வெளிப்பட்டவர் ஹூஸ்டன் அணியின் ஷேன் பேட்டியர். அவர் எடுத்த புள்ளிகள் குறைவு. ஆயினும் அவர் ஆடும்போது தோழர்களின் ஆட்டம் உயர்ந்தது. எதிரிகளின் ஆட்டம் தாழ்ந்தது. எழுத்தாளர் மைக்கேல் லூயிஸ் 2009இல் அவரைப் பற்றி எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது.

இதற்கு நேர்மாறான ஒரு போக்கும் வளர்ந்தது. 1980இல் அமெரிக்காவில் டேனியல் ஓக்ரன்ட்டும் நண்பர்களும் பேஸ்பால் ஆட்டத்துக்குக் ‘கற்பனை அணி’ விளையாட்டு ஒன்றை வகுத்தனர். பங்கேற்பவர் உண்மை வீரர்களைத் தேர்ந்து தாளில் ஓர் அணி அமைப்பார். அவ்வீரர்களின் எண்களே அவருக்கு வெற்றி தோல்வியைத் தரும். இது கூடைப்பந்துக்கும் கிரிக்கெட்டுக்கும் பரவியது. ஏட்டில் ஏறுவது மட்டுமே இவ்விளையாட்டில் மதிப்புப் பெறும். எனவே பேட்டியர் போன்றவர் இங்கே விலைபோகார். தன்னலமின்றி ஆடுபவர் கற்பனை அணிக்குச் சுமை. உண்மை அணிக்கோ தூண்.

கின்ராராவில் கணக்கு வழங்கிய தீர்ப்பு

எண்ணே குற்றவாளி என்று முடிவு கட்டுவதும் தவறு. 1992ஆம் ஆண்டு உலகக் கிண்ண அரையிறுதியில் தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்துகளில் 22 ஓட்டங்கள் தேவைப்பட்டன. மழை பெய்து ஓய்ந்ததும் அன்றைய விதி ஒரே பந்தில் 21 ஓட்டங்கள் கேட்டது. அவ்விதி ஓவர்களையும் ஓட்டங்களையும் எண்ணியதே தவிர, கையிலிருந்த விக்கெட்டுகளை எண்ணவில்லை. ஃபிராங்க் டக்வொர்த், டோனி லூயிஸ் என்னும் இரு புள்ளியியலாளர்கள் அதனையும் சேர்த்து ஒரு முறையை வகுத்தனர். அது 1997இல் நடைமுறைக்கு வந்தது. கேரளப் பொறியாளர் ஜெயதேவன் வகுத்த மற்றொரு முறை தமிழ்நாடு பிரீமியர் லீக் போட்டிகளில் கையாளப்பெற்றது.

பூச்சோங் கின்ராரா திடலில் 2006ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் சச்சின் டெண்டுல்கர் ஆட்டமிழக்காமல் 141 ஓட்டங்கள் குவித்தார். இந்தியா 309 ஓட்டங்கள் எடுத்தது. மழை குறுக்கிட்டது. 20 ஓவர்களில் 2 விக்கெட்டுக்கு 141 ஓட்டங்கள் எடுத்திருந்த மேற்கிந்தியத் தீவுகள் டக்வொர்த்-லூயிஸ் கணக்கின்படி 29 ஓட்டங்களில் வென்றது. அதே திடலில் 2008ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ண இறுதி ஆட்டம் நடந்தது. விராட் கோலி தலைமையேற்ற இந்தியா 159 ஓட்டங்களே எடுத்தது. மழைக்குப்பின் தென்னாப்பிரிக்காவுக்கு 25 ஓவர்களில் 116 ஓட்டங்கள் இலக்காயிற்று. அது 103 ஓட்டங்களில் நின்றது. ஒருமுறை இந்தியாவைத் தோற்கடித்த கணக்கே மறுமுறை அதற்குக் கிண்ணத்தைத் தந்தது. விடுபட்டதைச் சேர்த்து எண்ணியபோது எண் நடுநிலை பெற்றது.

எழுதுவோர் கடமை

இவற்றிலிருந்து மாணவர் கொள்ள வேண்டிய பாடம் ஒன்றே. ஓர் எண்ணைக் கண்டதும் மூன்று கேள்விகளை எழுப்ப வேண்டும். எதை எண்ணினார்கள்? யாருக்கு எதிராக, எந்தச் சூழலில் எண்ணினார்கள்? எதை எண்ணாமல் விட்டார்கள்? மூன்றாம் கேள்வியே முதன்மையானது. ஏனெனில் அதற்கான விடை ஏட்டில் இராது.

கோலாலம்பூரில் தமிழர் உடற்கலைக்கெனத் ‘தமிழியன் பிசிக்கல் கல்ச்சர் அசோசியேஷன்’ என்னும் சங்கத்தை 1914ஆம் ஆண்டிலேயே தோற்றுவித்தனர். தோட்டப்புறத் திடல்களிலும் தமிழ்ப்பள்ளித் திடல்களிலும் தலைமுறை தலைமுறையாகப் பந்து உருண்டது. அங்கே ஓடியவர் பலர். எழுதி வைத்தவர் சிலர். பெரிய திடலில் ஆடிய லால் சிங்கின் ஓர் எறிதலுக்கே கணக்கில் இடமில்லாதபோது, சிறிய திடல்களில் ஆடியவர் நிலை என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

லால் சிங் பிற்காலத்தில் சிலாங்கூர் கிளப்பின் திடலைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றார். 1985ஆம் ஆண்டு நவம்பரில் கோலாலம்பூரிலேயே மறைந்தார். அவருடைய களத்தடுப்பு இன்று அறியப்படுவதற்குக் காரணம் எண்ணன்று. கண்டவர் சிலர் அதனை எழுத்தில் பதித்ததேயாகும். ஆதலின் பள்ளிதோறும் விளையாட்டுக் குறிப்பேடு ஒன்று பேணப்பட வேண்டும். கோல் அடித்த மாணவன் பெயரோடு கோலைக் காத்தவன் பெயரும், பந்தை எடுத்துக் கொடுத்தவன் பெயரும் அதில் ஏற வேண்டும். எண்ணத் தெரிந்த சமுதாயம் எதை எண்ணுவது என்பதையும் தெரிந்து கொள்ளுமாயின், அடுத்த தலைமுறையின் உழைப்பாவது கணக்கில் விடுபடாது.